பழைய சைக்கிள் அவர்களுக்கு

உதவி மையம்,
கலை, மொழி, வரலாற்று ஆய்வுகளுக்கான பொது மின்சேவை,
நூலகக் கீழ்த்தளம்.
செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்குரிய ‘பழைய சைக்கிள்’ அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். தங்கள் சொந்தப் பெயர் எங்களுக்குத் தெரியாது. அதனால் தளத்தில் தாங்களே வைத்துக்கொண்ட பெயரைத்தான் எழுத வேண்டியிருக்கிறது. சைக்கிளுக்கு ‘அவர்கள்’ போடுவது எங்களுக்கும் இதுதான் முதல் தடவை.

பழைய கையெழுத்துத் தாள்களின் படங்களைப் பார்த்துத் தட்டச்சு செய்து தரும் தன்னார்வலர்களில் தங்களைப் போல உழைத்தவர் வேறு யாரும் இல்லை. இதுவரை ஆறு பல்கலைக்கழகங்களும் ஆளுக்கொரு தளம், ஆளுக்கொரு கடவுச்சொல் என்று தனிக்குடித்தனம் நடத்தி வந்தன. இப்போது எல்லாவற்றையும் ஒரே சேமிப்பில், ஒரே தேடலில், ஒரே நுழைவில் கொண்டு வருகிறோம். புதிய தளம் திங்கட்கிழமை திறக்கிறது. அதற்குள் ஒவ்வொருவரும் தம் உண்மைப் பெயரையும் தொலைபேசி எண்ணையும் கொடுத்துக் கணக்கை உறுதி செய்ய வேண்டும். செய்யாதவர்களின் கணக்கும், அவர்களைத் தொடர்புகொள்ளும் வழியும் அன்றே அழிந்துவிடும். அதன் பிறகு நாங்களே தேடினாலும் கிடைக்காது.

இதைக் கேட்டு எழுதியதற்குத் தாங்கள் அனுப்பிய பதில் கிடைத்தது. “என் கணக்கை எடுத்துவிடுங்கள். செய்த பக்கங்கள் இருக்கட்டும்” என்று எழுதியிருக்கிறீர்கள். இத்தனை வருஷம் கூட உழைத்தவர் இப்படியா சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவது? பெயர் வெளியே தெரியாது. உறுதி செய்யும்படி மீண்டும் கேட்டுக்கொள்கிறோம்.

போகத்தான் போகிறீர்கள் என்றால், ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கடைசியாக அனுப்பிய பக்கத்தில் ஒரு வரியைத் தாண்டிவிட்டீர்கள். கண்ணை எங்கே வைத்துக்கொண்டு தட்டினீர்களோ! அதைத் திருத்திக் கொடுத்துவிட்டுப் போகவும்.

இப்படிக்கு,
இரண்டாம் சரிபார்ப்பவர்,
உதவி மையம்.


சனிக்கிழமை.

அண்ணா,

நீதானே? இல்லை என்று மட்டும் பதில் போட்டுவிடாதே. நேற்று மத்தியானத்திலிருந்து எனக்குக் கை கால் ஓடவில்லை. வணக்கம் சொல்லி, நலம் விசாரித்து, முறையாக ஆரம்பிக்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். எங்கே முடிகிறது! நலமா? முதலில் அதைச் சொல். உடம்பு எப்படி இருக்கிறது? அந்தப் பாழாய்ப்போன கையெழுத்துகளை எல்லாம் இத்தனை வருஷம் உற்று உற்றுப் பார்த்திருக்கிறாயே, கண் நன்றாகத் தெரிகிறதா? கண்ணாடி போட்டுவிட்டாயா?

எப்படிக் கண்டுபிடித்தேன் என்று சொல்கிறேன். கோர்வையாக வராது, பொறுத்துக்கொள்.

ஆறு பல்கலைக்கழகத்தாரை ஒரே மேஜையில் உட்கார வைத்துப் பார்த்திருக்கிறாயா? வரலாற்றுக்காரர்கள் ‘ஆவணம்’ என்பார்கள். அதையே இசைத்துறையினர் ‘உருப்படி’ என்பார்கள். நாடகத் துறையிலிருந்து ஒருவர் வருகிறார், அவருக்கு எல்லாமே ‘சரக்கு’. ஒரே தேடலில் எல்லாம் கிடைக்க வேண்டும் என்றால் ஒரே பெயர் வேண்டும் அல்லவா? அதற்கே ஒரு வருஷம் இழுபறி. பழைய தளங்களில் இருக்கிற எந்தப் பெட்டியைப் புதியதில் வைப்பது, எதைத் தள்ளுவது என்று அடுத்த சண்டை. வரலாற்றுக்காரர்களின் தளத்தில் தட்டச்சு செய்யும் இடத்துக்குக் கீழே ‘குறிப்பு’ என்று ஒரு பெட்டி உண்டு. அதில் எழுதுவது வெளியே தெரியாது. உள்ளேயும் யாரும் திறந்து பார்த்ததில்லை. அதைத் தூக்கிவிடலாம் என்று கூட்டத்தில் சொன்னவள் நான்தான் அண்ணா. “யாரும் படிக்காத பெட்டிக்கு எதுக்குங்க இடம்?” என்று கேட்டேன். எல்லாரும் கையைத் தூக்கினார்கள். சட்டென்று முடிந்த ஒரே தீர்மானம் அதுதான்.

தூக்குவதற்கு முன் ஒருவர் மேலோட்டமாகப் பார்க்க வேண்டும் என்று விதி. சொன்ன வாய்க்கே வேலை வந்தது. நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து திறந்தேன். பாதிக்கு மேல் காலி. சிலர் ‘சோதனை’ என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். பிறகு பார்த்தால் பக்கம் பக்கமாக ‘பழைய சைக்கிள்’. கணக்குகளை எல்லாம் இணைத்த பிறகுதான் எனக்கே தெரிந்தது, நம்ம சைக்கிள் அங்கேயும் ஓடியிருக்கிறார் என்று. சிரிப்பாக வந்தது. ‘இந்தப் பக்கம் எழுதும்போது ஆசிரியருக்குத் தூக்கம்’ என்று ஒரு குறிப்பு. ‘இங்கே எழுந்து போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார், கை நிதானமாகிவிட்டது’ என்று இன்னொன்று. நல்ல ஆளாக இருக்கிறாரே என்று ரசித்துக்கொண்டே போனேன்.

அப்புறம் ஒரு பக்கத்தில், ‘இது அடுப்பில் பால் வைத்த எழுத்து’ என்று இருந்தது.

மறுபடி படித்தேன். நம் அச்சகத்துக்கு வரும் கையெழுத்துப் படியை அம்மா உரக்க வாசிப்பாள், நீ அச்சுப்படியில் விரல் வைத்து ஒப்பிட்டுக்கொண்டே வருவாய், எழுத்து சாய்ந்து ஓட ஆரம்பித்தால் அம்மா நிறுத்திவிட்டு, “அடுப்புல பாலை வெச்சிட்டு வந்து எழுதியிருக்கான்டா மனுஷன்” என்பாள். உலகத்தில் வேறு எந்த வீட்டில் இப்படிச் சொல்வார்கள்? நான் திரையைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலிப் பொறியாளர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்ன மேடம், சர்வர் போயிடுச்சா?” என்று பதறி எழுந்துவிட்டார். அவருக்கு அதைவிடப் பெரிய கெட்ட செய்தி தெரியாது.

அதோடு முடிந்திருந்தால் அழுதுவிட்டு எழுந்திருப்பேன். அதற்குப் பிறகுதான் பேராசிரியரின் நாடகக் கொட்டகைப் புத்தகம் வந்தது.

அந்தப் புத்தகச் சண்டை நடந்தபோது நான் ஊரில் இல்லை, விடுதியில் இருந்தேன். என் காதுக்கு வந்ததைச் சொல்கிறேன், தப்பிருந்தால் திருத்து. ஊர் ஊராக அலைந்து கொட்டகைகளின் வரலாற்றை வாழ்நாளெல்லாம் எழுதினார் பேராசிரியர். நம் அச்சகத்துக்கு அதைவிடப் பெரிய வேலை வந்ததில்லை. வெளியீட்டு விழா மேடையில் அவர் புத்தகத்தைப் பிரித்தார். எரிந்துபோன கொட்டகையைப் பற்றிய அத்தியாயத்தைக் காணோம். ஒரு பக்கம் பாதி வாக்கியத்தோடு நிற்கிறது, அடுத்த பக்கம் வேறு கொட்டகையில் ஆரம்பிக்கிறது. “உங்க பையன் ஒரு அத்தியாயத்தையே முழுங்கிட்டான்” என்று அத்தனை பேர் முன்னால் அப்பாவிடம் சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கிவிட்டார். கையெழுத்துப் படி புத்தகக் கட்டுகளோடு அவரிடமே திரும்பிப் போயிருந்ததால் எடுத்துப் பார்க்க எதுவும் இல்லை. “வந்த தாள் அத்தனையும் பார்த்தேன்பா, வராததை நான் எங்கிருந்து பார்ப்பேன்?” என்று நீ சொன்னதை யாரும் நம்பவில்லை. வாசித்தவள் நான்தான், இருந்ததைத்தான் வாசித்தேன் என்று அம்மா சொன்னதும் எடுபடவில்லை. வேலையாட்களை வைத்துக்கொண்டே அப்பா உன்னை, “கவனமில்லாத கழுதை, என் முகத்துல முழிக்காதே” என்றாராம். நான் விடுமுறைக்கு வந்தபோது உன் படுக்கை சுருட்டிக் கிடந்தது. அச்சகத்திலும் அதற்கப்புறம் வேலை வருவது நின்றுபோயிற்று.

பேராசிரியர் காலமான பிறகு அவர் தாள்கள் எல்லாம் வரலாற்றுத் துறைக்குப் போய், படமெடுத்துத் தட்டச்சுக்கு வந்திருக்கின்றன. அதை வேறு யார் தொடுவார்கள், நீ முழுவதையும் செய்திருக்கிறாய்! அந்தப் பாதி வாக்கியம் வருகிற பக்கத்துக்குக் கீழே, குறிப்புப் பெட்டியில் நீ எழுதியதைப் பார்த்தேன். ‘இங்கே தாள் எதுவும் தொலையவில்லை. ஆசிரியரே போட்ட பக்க எண் இடைவெளி இல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போகிறது. இந்த அத்தியாயம் அச்சகத்துக்கு வரவே இல்லை.’ அதற்குக் கீழே தனியாக, ‘இதை இனி யாரிடம் சொல்வது?’

அண்ணா! எத்தனை வருஷமாக அது அங்கே கிடக்கிறது! ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டியதை யாரும் திறக்காத பெட்டியில் எழுதிவிட்டு நீ பாட்டுக்கு அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கிறாய். அந்தப் பெட்டியைத்தான் நான் குப்பை என்று சொல்லித் தூக்கப் பார்த்தேன். ஒரு நாள் சோம்பல்பட்டு, பார்க்காமலே ‘பார்த்தாயிற்று’ என்று எழுதியிருந்தால் எல்லாம் போயிருக்கும்.

படத்தை எடுத்துப் பார்த்தேன். சிவப்புப் பென்சிலில் பேராசிரியரே போட்ட எண்கள், நீ சொன்ன மாதிரியே வரிசையாகப் போகின்றன. அப்படியானால் அத்தியாயம் எங்கே? புதிய பொதுத் தேடலில் எரிந்த கொட்டகையின் பெயரைப் போட்டேன். சோதனை ஓட்டம்தான், பாதி நேரம் கேட்டது ஒன்று வருவது ஒன்று. ஆனால் நேற்று நேராகக் கொண்டுபோய் இசைத்துறைக்காரர்களின் பெட்டியில் நிறுத்தியது. மறைந்த ஒரு பாடகரின் வீட்டுத் தாள்கள். அவர் பேராசிரியரின் சிநேகிதர். அதற்குள் குண்டூசி குத்திய ஒரு கற்றை. முதல் தாளின் தலையில் அதே சிவப்புப் பென்சில்: ‘படித்துவிட்டுத் திருப்பித் தரவும்.’ பாதியில் நின்ற வாக்கியத்தின் மிச்சப் பாதி அங்கே ஆரம்பிக்கிறது.

“அடப்பாவி மனுஷா!” என்று நூலகத்தில் கத்தியே விட்டேன். மேல்மாடியிலிருந்து நூலகர் இறங்கி வந்து பார்த்தார். சிநேகிதரிடம் படிக்கக் கொடுத்ததை மறந்துவிட்டு, கையில் இருந்த தாள்களுக்கு எண் போட்டு அச்சகத்துக்கு அனுப்பிவிட்டு, மேடையில் ஏறி உன்மேல் பழி போட்டிருக்கிறார். அவருக்குக் கடைசிவரை நினைவுக்கே வரவில்லையோ, வந்தும் வாய் திறக்கவில்லையோ, தெரியவில்லை. இரண்டு பாதியும் இரண்டு கட்டடத்தில் ஆளுக்கொரு பூட்டுக்குள் கிடந்திருக்கின்றன. ஒரே தேடல், ஒரே தேடல் என்று ஆறு பல்கலைக்கழகங்களிடமும் தொண்டை வறளக் கத்தியவள் நான். இதற்குத்தான் கத்துகிறேன் என்று எனக்கே தெரியாமல் போயிற்றே.

செவ்வாய்க்கிழமைக் கடிதத்தை நினைத்தால் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது. வரியைத் தாண்டிவிட்டாய், கண்ணை எங்கே வைத்தாய் என்று போயும் போயும் உன்னிடம் கேட்டிருக்கிறேன். அந்தப் பக்கத்தின் படத்தை இன்று காலை மறுபடி பார்த்தேன். அந்த வரியை எழுதியவரே அடித்திருக்கிறார், லேசாக. நீ சரியாகத்தான் விட்டிருக்கிறாய்.

அப்பாவிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. நேற்று சாயங்காலம் மடிக்கணினியைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, ஒன்றும் விளக்காமல் பாதி வாக்கியம் நிற்கும் பக்கத்தையும் அதற்கு அடுத்ததையும் காட்டினேன். அச்சகக்காரர் அல்லவா, எழுத்தைப் படிக்கவில்லை, முதலில் பக்க எண்ணைத்தான் பார்த்தார். அடுத்த பக்கம் என்றார். முந்தின பக்கம் என்றார். திரும்பவும் அடுத்தது. அப்புறம் பாடகரின் கற்றையைக் காட்டினேன். பேயறைந்த மாதிரி ஆகிவிட்டார். “அவன் அன்னிக்கே சொன்னானே” என்றார். “வராததை எங்கிருந்து பார்ப்பேன்னு கேட்டானே” என்றார். இதையே சொல்லிக்கொண்டிருந்தார். தட்டில் போட்டது அப்படியே இருந்தது. கீழே இருந்த உன் குறிப்பைக் காட்டி, இதை எழுதியவன் யார் தெரியுமா என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு உன் குறிப்பைத் திரும்பப் படித்தார். “உசுரோட இருக்கான்” என்றார். அப்பா அழுது நான் அதுவரை பார்த்ததில்லை அண்ணா. போன வருஷம் ஒரே ஒரு தடவை தவிர.

இன்று காலை நான் இந்தக் கடிதத்தை எழுதுவதைப் பார்த்துவிட்டு, தள்ளிக்கொள் என்றார். ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டினார். பேச்சில் வராததை அவருக்குத் தெரிந்த ஒரே முறையில் எழுதியிருக்கிறார். நான் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை:

பிழைதிருத்தம். ‘கவனமில்லாத கழுதை’ என்பதைக் ‘காது கொடுக்காத அப்பன்’ என்று திருத்திப் படிக்கவும்.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். திங்கட்கிழமை உன் கணக்கு அழியும். அதற்கப்புறம் இந்தக் கடிதம் போகும் வழியும் இருக்காது. உன் மின்னஞ்சல் முகவரி என்னவென்றுகூட எனக்குத் தெரியாது, நான் எழுதுவதைத் தளம்தான் உனக்கு அனுப்புகிறது. பொறியாளரிடம் கேட்டுப் பார்த்தேன். “ஒரு நிமிஷத்துல எடுத்துடலாம் மேடம். ஆனா தன்னார்வலர் யாருன்னு யாருமே பார்க்கக் கூடாதுன்னு எழுதினது நீங்கதானே” என்றார். ஆமாம், நான்தான் எழுதினேன். எத்தனையோ பேர் எங்களை நம்பி, முகம் காட்டாமல் உழைக்கிறார்கள். தங்கை தேடுகிறாள் என்று ஒரு முறை திறந்தால், நாளைக்கு யார் யாரோ தேடிக்கொண்டு வருவார்கள். எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். நீயாகக் கொடுத்தால்தான் எனக்கு உன் முகவரி.

குறிப்புப் பெட்டியைத் தூக்கக் கூடாது என்று ஆறு பல்கலைக்கழகங்களுக்கும் எழுதிவிட்டேன். ஏன் இப்படிப் பல்டி அடிக்கிறீர்கள் என்று நாடகத் துறைக்காரர் கேட்டார். சரக்கைப் படித்துப் பார்த்துவிட்டுக் கேளுங்கள் என்றேன்.

உன் குறிப்புகளை எல்லாம் ராத்திரிக்குள் படித்து முடித்துவிட்டேன். யாரும் பார்ப்பதில்லை என்று தெரிந்ததும் என்னவெல்லாம் எழுதியிருக்கிறாய்! நான் யாரென்று உனக்குத் தெரிந்திருக்கிறது. ‘அந்த நூலகத்து இரண்டாம் சரிபார்ப்பவர் இன்றைக்கும் திட்டினாள். இந்தக் கோபம் நான் தூக்கி வளர்த்த கோபம்’ என்று எழுதியிருக்கிறாய். படுபாவி, தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டு என்னிடம் திட்டு வாங்கியிருக்கிறாய். மூன்று சரிபார்ப்பவர்கள் இருந்தும் எப்போதும் என் வரிசைக்கே பக்கம் அனுப்பியிருக்கிறாய். போன வருஷம் நான் வேலைக்கு வராமல் இருந்தபோது நீ எங்களுக்கு ஒரு பக்கமும் செய்யவில்லை. ‘இரண்டாம் சரிபார்ப்பவரைக் காணோம். ஒரு மாதம் ஆகிறது. வீட்டில் எல்லாரும் நலமாக இருக்க வேண்டும்’ என்று அங்கே எழுதி வைத்திருக்கிறாய்.

அந்த ஒரு மாதம் நான் எங்கே போயிருந்தேன் என்று இந்தக் கடிதத்தில் எழுத எனக்குக் கை வரவில்லை அண்ணா. நேரில்தான் சொல்வேன்.

பெயரைப் போடு. உன் சொந்தப் பெயரை, அம்மா கூப்பிட்ட பெயரை. எண்ணைப் போடு. திங்கட்கிழமைக்குள் போட்டுவிடு, உன் காலில் விழுந்து கேட்கிறேன். பேருந்தில் வந்தாலும் ரயிலில் வந்தாலும் எந்த நேரமானாலும் நான் வந்து நிற்கிறேன். அப்பாவும் வருவேன் என்கிறார், நான் தடுக்கப் போவதில்லை. வெறுங்கையோடு வா. அப்படி வர மனசு கேட்கவில்லை என்றால் அப்பாவுக்கு ஏதாவது வாங்கி வா, எனக்கு ஏதாவது வாங்கி வா. அம்மாவுக்கு மட்டும் எதுவும் வாங்கிவிடாதே.

இப்படிக்கு,
உன் தங்கை.